வயது நிரூபிக்கப்பட்ட லாட்ஜ்

கட்டுமாவடிக் கடற்கரையில் சவரியப்பனின் தாத்தா கட்டிய லாட்ஜில் எட்டு அறைகள், ஒரு சாப்பாட்டு ஹால். ஐப்பசி மழைக்குள் ஓடு மாற்றாவிட்டால் எட்டும் ஒழுகும். எனவே சவரியப்பன் அரசுக் கட்டட அலுவலகத்தில் முறைப்படி அனுமதி கேட்டு மனுக் கொடுத்தார். ஓடு மாற்ற மனுக் கொடுத்தவர் அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான்.

மனுவைக் கண்டதும் பாரம்பரியக் கட்டடப் பிரிவு அலுவலர் ரகுநாத்துக்கு முகம் மலர்ந்தது. பிரிவு தொடங்கி ஓராண்டாகியும் ஒரு பாரம்பரியம்கூட அகப்படவில்லை.

“பாரம்பரியம்னு அறிவிச்சுட்டா ஓட்டை நாங்களே மாத்தித் தருவோம். வயசுக்கு ஆதாரம் இருக்கா?”

“சுவத்தப் பாத்தாலே தெரியுமேங்க.”

“சுவத்துல சீல் இருக்கா?”

வீட்டில் மனைவி அடைக்கலமேரி டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தாள். சீலோடு இருந்தது ஒரே காகிதம். 1961இல் அதே அலுவலகம் தாத்தாவுக்கு அனுப்பியது: ‘மேற்படி கட்டடம் மிகப் பழமையானதும் அபாயகரமானதும் ஆகையால், பதினைந்து நாளுக்குள் இடித்து அகற்ற வேண்டியது.’

“இதையா கொண்டுபோய்க் குடுக்கப் போறீங்க?”

“சீல் இருக்குல்ல.”

ரகுநாத் அதை இருமுறை படித்தார். “அப்பவே மிகப் பழமைன்னு நாங்களே எழுதியிருக்கோம். இதுக்கு மேல என்ன வேணும்?”

மேளம் வைத்து, ‘பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம்’ என்று வாசலில் கல் நட்டார்கள். ஊரே கை தட்டியது.

மறுவாரம் ஓடு வரவில்லை. பொக்லைன் வந்தது. கூடவே இடிப்புப் பிரிவு இன்ஜினீயர்.

“பழைய ஆர்டர் ஒண்ணு அறுபது வருஷத்துக்கு மேல பெண்டிங்ல கிடந்திருக்குங்க. தணிக்கையில எங்களத்தான் கேப்பாங்க.”

“போன வாரந்தான பாரம்பரியம்னு கல்லு வச்சீங்க?”

“அந்த ஆர்டரை வச்சுத்தான பாரம்பரியமே. ஆர்டர் செல்லாதுன்னா பாரம்பரியமும் செல்லாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

சவரியப்பன் யோசித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு ஹால் போய்விட்டது. மதியத்துக்குள் எட்டு அறைகளும் போயின. கல்லுக்கு மட்டும் ஒரு கீறலும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். அதைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாதென்று கையோடு ஒரு உத்தரவும் கொடுத்தார்கள்.

இப்போது ஞாயிறுதோறும் கார்கள் வருகின்றன. சென்ற வாரம், கைத்தறிச் சட்டை போட்ட ஒருவர் வெறும் மணலைச் சுற்றிச் சுற்றி வந்து படமெடுத்தார்.

“பழமையைக் கொஞ்சமும் கெடுக்காம வச்சிருக்காங்க பாருங்க,” என்று சவரியப்பனிடம் உருகினார். பிறகு, “ஐயா, கல்லை மறைக்கிறீங்க. அங்கிட்டு நில்லுங்களேன்,” என்றார்.

சவரியப்பன் மன்னிப்புக் கேட்டு நகர்ந்துகொண்டார்.