செங் நகர்த் தொட்டியில் மூண்ட பாசிப்போர்

செங் நகரின் வரிசை வீட்டு வேந்தே, தொழிற்சாலையில் ஒரு ஷிப்ட் ஆட்களையே அதட்டி மேய்த்தும் இரண்டடிக் கண்ணாடித் தொட்டியை ஆள மாட்டாத பேராற்றலே, ஹரிதாஸா, உன் புகழைப் பாடாமல் இந்த நாவு வேறென்ன வேலை பார்க்கும்!

அந்தத் தொட்டிக்குள் உப்புநீர்க் கடலொன்றைப் படைத்திருந்தான் ஹரிதாஸன். பவளங்கள் விரிந்து அசைந்தன. வெள்ளைப் பட்டை தரித்த கோமாளி மீன்கள் இரண்டு அரச தம்பதியராய் உலா வந்தன. பொறுக்குமா பாசிக்கு? மயிர்க்கற்றை போன்ற பச்சைப் படையைப் பாறைதோறும் இறக்கி, பவளத்தின் கழுத்தை நெரித்து, கண்ணாடியையும் மூடியது.

"ஹால்ல சாக்கடைய வச்சிக்கிட்டு மீன் தொட்டின்னு சொல்றீங்க" என்று இல்லத்தரசி தேவிஸ்ரீ திருவாய் மலர்ந்ததும் வீரனின் மீசை துடித்தது.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய பல் பிரஷ்ஷை வாளென உருவி, முழங்கை வரை கடலுள் இறக்கி, தேய்த்தான், பிடுங்கினான், கொன்று குவித்தான். மாண்ட பாசியோ மறுவாரமே சுற்றம் சூழத் திரும்பியது. அஞ்சுவானா அண்ணல்? நத்தைச் சேனையை வரவழைத்தான். துணைப்படையாகச் சென்ற துறவி நண்டுகள், பெயருக்குச் சற்றும் பொருந்தாமல், நத்தைகளைத் தின்றுவிட்டு அவற்றின் ஓடுகளில் புதுமனை புகுந்தன. இருளால் எதிரியை மடக்க எண்ணி, விளக்கணைத்துக் கறுப்புத் துணி போர்த்தினான்; பாசி லேசாக வாடியது, பவளம் நன்றாகவே வாடியது.

மானம் போன மாவீரன், ஈரச் சட்டையோடு சோபாவில் சரிந்தான். அவனைக் கண்டதும் கோமாளி மீன்கள் கண்ணாடியருகே ஓடி வந்தன. கையுயர்த்தி முழங்கினான்:

"கேட்பீராக! கோலா சுங்கை பாருவில் வாழும் நண்பன் குகனுக்கு இத்தொட்டியை, மீனோடும் பவளத்தோடும் பாசியோடும் தாரை வார்த்தேன்!"

அடுக்களையிலிருந்து கரண்டியோடு பாய்ந்தாள் தேவிஸ்ரீ.

"யாரக் கேட்டுக் குடுக்குறீங்க? நீங்க வேலைக்குப் போனதும் மூணு வேளையும் நான்தான்லா அதுங்களுக்குச் சாப்பாடு போடுறேன்!"

ஹரிதாஸன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான்.

"நீயுமா? காலையில ஒரு தடவ, வந்ததும் ஒரு தடவ நான் போடுறேன்லா!"

"கண்ணாடிகிட்ட வந்து பாவமா பாக்குதுங்க. போடாம எப்படிங்க இருக்கிறது?"

ஆக, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அரசனும் அரசியும் ஐவேளை விருந்து படைக்க, மீன்கள் கொறித்தது கொஞ்சமாய், பாறையிடுக்கில் அழுகியது மிச்சமாய், அம்மிச்சத்தையே உரமாய் உண்டு கொழுத்த பகைவன்மீதுதான் இத்தனை நாளும் வாள் சுழன்றது என்னும் பேருண்மை, மின்னல் வெட்டினாற்போல் அவ்விருவர் நடுவே இறங்க, எண்திசைக் காவலரும் மூச்சடக்கி நிற்க, சமுத்திரராசனே வாய்பொத்திச் சிரிக்க, அந்த மாபெரும் யுத்தம் முடிவுக்கு வந்தது.

மறுநாளிலிருந்து தேவிஸ்ரீ ஒரு வேளை மட்டும் தீனி போட்டாள், ஹரிதாஸ் தண்ணீர் மாற்றினான்.