சமையலறை ஜன்னலில் மாப்பிள்ளை

வீடியோ காலில் எந்த மனிதரும் பாதிதான் தெரிவார். மேலே இஸ்திரி போட்ட சட்டை தெரியும். கீழே லுங்கியா, அரை டிராயரா என்பதெல்லாம் அவரவர் மனசாட்சி. எனவே வீடியோ காலில் யாரையும் முழுசாக நம்பக் கூடாது என்பது என் கட்சி. (கட்சியில் நான் ஒருவன்தான் உறுப்பினர். என் மனைவி எதிர்க்கட்சி.)

எனக்குக் கடலூர், மஞ்சக்குப்பம். மனைவி கவிதாவுக்குச் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர். நிச்சயதார்த்தம் முடிந்து, கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. மற்ற மாப்பிள்ளைகள் அந்த இடைவெளியில் வருங்கால மனைவியோடு போனில் குழைவார்கள். நான் அவளுடைய அண்ணன் செந்திலோடு போர் செய்தேன்.

அவரும் என்னைப் போலவே போர்டு கேம் பைத்தியம் என்று நிச்சயதார்த்தப் பந்தியில்தான் தெரிந்தது. கோட்டையை முற்றுகை போடும் ஆட்டம் ஒன்று எங்கள் இருவரிடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் வீட்டில் ஒரு பலகை, என் வீட்டில் ஒரு பலகை, சொம்பில் சாய்த்து வைத்த செல்போன். அவர் ஒரு படையை நகர்த்தினால் நானும் என் பலகையில் அதையே நகர்த்த வேண்டும். பகடையை மட்டும் அவரவர் உருட்டிக் கேமராவில் காட்ட வேண்டும். ஆப்பிலேயே உருட்டிவிடலாமே என்று கேட்டேன்.

"ஆப்புல உருட்டுறதெல்லாம் ஒரு ஆட்டமா மாப்ள? கட்டை கையில இருக்கணும்" என்றார் மச்சான். அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

சாதாரணச் சண்டைகளுக்கு என் கண்ணெதிரே உருட்டுவார். கோட்டை விழுமா விழாதா என்கிற கட்டம் வந்தால் மட்டும் "ஒரு நிமிஷம் மாப்ள" என்று பகடையோடு எழுந்து போய்விடுவார். திரையில் காலி நாற்காலி இருக்கும். எங்கோ குக்கர் விசிலடிக்கும். திரும்பி வரும்போது கையில் ஓர் எவர்சில்வர் தட்டு, தட்டில் பகடை, பகடையில் ஆறு.

ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டின் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை! பகடைக்குள் ஈயம் வைக்கிறார் என்றால் புரிந்துகொள்ளலாம், கறிவேப்பிலைக்கு அங்கே என்ன வேலை? கவிதாவுக்குப் போன் போட்டு, "உங்க அண்ணன் எப்பிடிப்பட்டவரு?" என்று நூல் விட்டுப் பார்த்தேன். "ரொம்ப நல்லவரு" என்றாள். கூடப் பிறந்தவள் வேறு என்ன சொல்வாள்? சாட்சி செல்லாது.

அடுத்த ஞாயிறு பஸ் ஏறிவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் பெண் வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் துப்பறிபவன் பத்திரிகை வைத்துவிட்டா போவான்? அவர்கள் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு, நெட் ஸ்லோ, வீடியோ வராது என்று புளுகி ஆட்டத்தைத் தொடங்கினேன். பலகை நிலவரம் எனக்கு மனப்பாடம்; என் பகடையில் விழுந்ததை வாயால் சொன்னேன், மச்சான் நம்பினார்.

"என்னா மாப்ள, இன்னிக்கு உங்க வூட்ல காக்கா சத்தம் ஜாஸ்தியா இருக்குது?" என்றார் மச்சான்.

"அமாவாசை" என்றேன். (இல்லை.)

கோட்டை வாசலில் கடைசிச் சண்டை வந்தது. "ஒரு நிமிஷம் மாப்ள" என்றது போன். நான் பூனைபோல நகர்ந்து சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். மச்சான் பகடையை நீட்டினார். தாளித்துக்கொண்டிருந்த என் வருங்கால மாமியார் கையை முந்தானையில் துடைத்து, கண்ணை மூடி, தட்டில் உருட்டினார்.

"திருட்டுத்தனம்! கையும் களவுமா புடிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

அத்தை அலறியதில் கரண்டி எகிறியது. "திருடன்! திருடன்!" தெருவே திரண்டுவிட்டது. குளித்துக்கொண்டிருந்த மாமா ஈரத் துண்டோடு ஓடி வந்தார்.

"யாருங்க இது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எங்க மாப்ள" என்றார் மாமா, மெல்ல.

"மாப்ளைக்கு சமையக்கட்டு ஜன்னல்ல என்னா வேல?"

நான் அண்ணாந்து முருங்கைக்காய்களை எண்ணத் தொடங்கினேன்.

என்னைக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். தண்ணீர்கூடத் தரவில்லை. மாமா என் கண்ணையே பார்த்துக் கேட்டார்: "மறைக்காம சொல்லுங்க. எங்க பொண்ணப் பத்தி யாராச்சும் எதாவது சொன்னாங்களா? வேவு பாக்க வந்தீங்களா? அப்பிடி ஒரு சந்தேகத்தோட எம்பொண்ண கட்டிக்க வேணாம். இப்பவே நிறுத்திக்கலாம்."

கதவோரம் நின்ற கவிதாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அவளை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது என்பதே அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"ஐயோ, இல்ல மாமா! ஆறு... ஆறா விழுதேன்னுதான்..." என்று உளறினேன்.

"எங்கம்மாவுக்குக் கைராசி மாப்ள" என்றார் மச்சான். "வெத போட்றதுலேந்து கடைக்கு மொத வெளக்கு ஏத்துறது வரைக்கும் இந்தத் தெருவே அவுங்களத்தான் கூப்புடும். பெத்த தாய் உருட்டக் கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?"

அத்தை கோபமாக வந்து தட்டை என் முன் டங்கென்று வைத்தார். "என்னையா திருடின்னீங்க? இந்தாங்க கட்டை. நல்லா பாத்துக்குங்க!"

இந்த இடத்தில் மானமுள்ளவன் காலில் விழுந்திருப்பான். நானோ பகடையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், காதருகே வைத்து ஆட்டினேன், லேசாகக் கடித்தும் பார்த்தேன். பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். அத்தை உருட்டினார். நாலு.

என் கல்யாணமே நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்ப வீடியோல மட்டும் எப்பிடி ஆறு?" என்று கேட்டுவிட்டேன்.

"நாலு விழுந்த நாளெல்லாம் உங்க கண்ணுக்கு எங்க தெரிஞ்சுது?" என்று சீறினார் மச்சான்.

கதவோரத்தில் குபீரென்று சிரிப்பு. கவிதா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. "அப்பா, இவரு என்னை வேவு பாக்க வரல. நெஜமாவே கட்டையத்தான் பாக்க வந்துருக்காரு. இப்பிடி ஒரு ஆளால நடிக்கவே முடியாது. பேசாம சாப்பாடு போடுங்க."

மாமா இலை போடச் சொன்னார். அந்தக் குழம்பின் ருசி எனக்கு நினைவில்லை. தெரு முழுக்க ஜன்னலில் நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்தது.

கல்யாணத்தன்று குடத்துக்குள் மோதிரம் தேடும் சடங்கில், கவிதா கையை உள்ளே விடுமுன் முன்னும் பின்னும் திருப்பி என்னிடம் காட்டினாள். மண்டபமே சிரித்தது. தலைப் பிரசவம் சிதம்பரத்தில். ஆஸ்பத்திரியில் குழந்தையை என்னிடம் தருமுன் அத்தை துணியை விலக்கி, முகம், கை, கால் எல்லாவற்றையும் நிதானமாகக் காட்டினார்.

"நல்லா பாத்துக்குங்க மாப்ள. அப்பறம் உள்ள எடுத்துட்டுப் போயி மாத்திட்டோம்னு ஜன்னல்ல வந்து நிக்கக் கூடாது."