நாலு இஞ்ச் குறைந்த டேப்

வீட்டைச் சுருக்குவது என்று முடிவான அன்றே ஸ்டோர்கீப்பர் கையில் இரண்டு கட்டுச் சீட்டு வந்துவிட்டது. ஒரு கட்டு பச்சை, ஒரு கட்டு சிவப்பு. பச்சை ஒட்டிய சாமான் புது வீட்டுக்கு வரும். சிவப்பு ஒட்டியது பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியனுக்குப் போகும்.

தொழிற்சாலைக் கிடங்கைக் கட்டி ஆண்டவர் அவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணி வெளியே போனதில்லை. ஓய்வு பெற்றாலும் அந்த மிடுக்கு ஓய்வு பெறவில்லை.

"இங்க பாரு, ஆளுக்குப் பாதிச் சீட்டு. ஒட்டினது ஒட்டினதுதான். யாரும் பிரிக்கக் கூடாது. நானே வந்து கெஞ்சினாலும் கூடாது," என்று மனைவிக்குச் சட்டம் சொன்னார்.

"சரிங்க," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள்.

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் உடனே 'சரிங்க' என்றபோதெல்லாம் பிறகு என்ன நடந்தது என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சீட்டு ஒட்டும் அவசரம்.

மூன்று நாளில் வீடு பாதியானது. யாரும் உட்கார்ந்து சாப்பிடாத சாப்பாட்டு மேசை, சிவப்பு. கைப்பிடி இல்லாத வாளிகள், சிவப்பு. 'எதுக்காவது ஆகும்' என்று சொல்லிச் சொல்லி அவரே சேர்த்த நாற்பது காலி டப்பாக்கள் மேல் மனைவி சிவப்பு ஒட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மகன் படித்த மேசைக்கு மட்டும் அவரே சிவப்பு ஒட்டிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். வலித்தது. ஆனால் புது வீடு இரண்டே அறை. வலிக்கிறது என்று சுவர் தள்ளி நிற்குமா?

சுவர்தான் பிரச்சினையே. ஜன்னல், கதவு போக அந்த வீட்டில் சாமான் சாத்திவைக்கத் தோதான சுவர் ஒன்றே ஒன்று. அகலம் ஐம்பத்திரண்டு இஞ்ச். வரைபடத்தில் அச்சடித்தே இருந்தது. அந்தச் சுவருக்குப் போட்டி இரண்டு. ஒன்று அவளுடைய தேக்கு அலமாரி. தைக்க வந்த துணியெல்லாம் அதில்தான் இருக்கும். இன்னொன்று அவருடைய வேலைப் பெஞ்ச்.

பெஞ்ச் அவர் கையால் செய்தது. ஓரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸ். அதில் அவர் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. எதையாவது கழற்றுவார், மாட்டுவார். "காய் நறுக்கணும், கொஞ்சம் வர்றீங்களா?" என்று மனைவி கூப்பிடும்போதெல்லாம், "பெஞ்ச்ல வேலை இருக்கு," என்பார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் இன்னும் 'சாராக' இருந்த இடம் அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு நாள் முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார அவரால் ஆகாது.

ஆகவே ஒரு திட்டம் போட்டார். திட்டத்தின் பெயர் டேப்.

அது அவருடைய பழைய இரும்பு டேப். கிடங்குக் கதவில் சிக்கி அதன் முனை ஒடிந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. முதல் நாலு இஞ்ச் கிடையாது, நாலில்தான் தொடங்கும். எதை அளந்தாலும் உள்ளதைவிட நாலு இஞ்ச் கூடக் காட்டும். கிடங்கில் மனக்கணக்காகக் கழித்துக்கொள்வார். வீட்டில் அளக்கும்போது கழிக்க மறந்துவிடுவார். இந்த ரகசியம் உலகத்தில் தனக்கு மட்டுமே தெரியும் என்று நம்பினார்.

நாலாம் நாள் காலை. வாசலில் லாரி. உள்ளே மிச்சம் அலமாரியும் பெஞ்சும் மட்டும். இரண்டு சுமைதூக்கிகள் கயிற்றோடு நின்றார்கள்.

"சார், எது ஏறுது? சட்டுனு சொல்லுங்க. பதினோரு மணிக்கு எனக்கு வேற லோடு," என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.

எலெக்ட்ரீஷியனும் வந்துவிட்டார். அலமாரியைச் சும்மா ஒரு தட்டு தட்டினார். பெஞ்சின் வைஸை மட்டும் ஆசையாகத் தடவிப் பார்த்தார். ஸ்டோர்கீப்பர் சட்டென்று நடுவில் வந்து நின்றார்.

டேப்பை இழுத்தார். முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அலமாரியை அளந்தார்.

"அம்பத்து நாலு!" முகத்தைத் துக்க வீட்டுக்குப் போகிறவர் போல வைத்துக்கொண்டார். "சுவரு அம்பத்திரண்டுதானேம்மா? எனக்கும் மனசு கேக்கலதான். என்ன பண்றது?"

"ரெண்டு இஞ்ச்தானே? இழைச்சு எடுக்க முடியாதா?"

"தேக்கும்மா இது. வெண்ணெயா?"

சிவப்புச் சீட்டின் பின்தாளை உரித்தார். இன்னும் ஒரு வினாடி, அப்புறம் சட்டம் சட்டம்தான்.

"ஒரு நிமிஷம்ங்க," என்றாள் மனைவி. "பெஞ்சையும் அளந்துட்டுச் சேர்த்து ஒட்டிடுவோம்."

"பெஞ்சை எதுக்கு? நாப்பத்தொன்பது. நான் செஞ்சது எனக்குத் தெரியாதா?"

"இருக்கட்டும். அளக்காத சரக்கை ரிஜிஸ்டர்ல ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

சுமைதூக்கிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை. அவள் டேப்பின் முனையைப் பிடித்தாள், கட்டைவிரலால் மூடி. அது அவருக்கு உறைக்கவில்லை. அவர் கவலையெல்லாம் மறுமுனையில் இருந்தது. எண்ணை உள்ளங்கையால் மறைத்து, "நாப்பத்..." என்று ஆரம்பிப்பதற்குள் எலெக்ட்ரீஷியன் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டார்.

"அம்பத்து மூணு, சார்."

"அடடா," என்றாள் மனைவி. அதே துக்க வீட்டு முகம். "ஒரே ஒரு இஞ்சுல உங்களதும் போச்சே! எனக்கும் மனசு கேக்கலதான். தம்பி, பெஞ்சை நீங்களே எடுத்துக்கோங்க."

"ரொம்ப நன்றிக்கா!" எலெக்ட்ரீஷியன் சட்டைக் கையை மடித்தார். ஒரு சுமைதூக்கி பெஞ்சின் காலைப் பிடித்தான். மனைவி தன் கட்டிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை மெதுவாக எடுத்தாள். வெளியே ஹாரன் மறுபடி அலறியது.

ஸ்டோர்கீப்பர் அவசரமாகக் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் அலமாரியும் சுவருக்குப் பொருந்திவிடும். சொல்லாவிட்டால் பெஞ்ச் பக்கத்து வீட்டுக்கு. சீட்டு பெஞ்சுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்துவிட்டது.

"நில்லுங்க! நில்லுங்கய்யா!" குரல் கீச்சென்று வந்தது. "டேப்பு... டேப்புல நாலு இஞ்ச் இல்ல."

"எப்போலேர்ந்து?"

"இப்பத்தான்... ஏதோ..."

"எப்போலேர்ந்துங்க?"

"இருபத்தாறு வருஷமா."

எலெக்ட்ரீஷியன் இருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். மனைவி துளியும் அதிர்ச்சி அடையவில்லை.

"தெரியும். இந்த வீட்டு ஜன்னலுக்கெல்லாம் நீங்க அளந்து சொன்ன கணக்குலதானே திரைச்சீலை வெட்டினேன்? பதினோரு ஜன்னல். எல்லாம் நாலு நாலு இஞ்ச் கூடுதலாத் தொங்கிச்சு. அத்தனையையும் மடிச்சுத் தைச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதுக்காவது ஆகும்னு வச்சிருந்தேன்."

அலமாரிக்குப் பச்சை ஒட்டினாள். அது நிமிர்ந்த நடையோடு லாரி ஏறியது. ஸ்டோர்கீப்பர் பெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"சுவரு ஒண்ணுதான். சரி, எடுத்துக்கோங்க தம்பி," என்றார்.

சுமைதூக்கிகள் பெஞ்சைக் கவிழ்த்தார்கள். அடிப்பலகையில் ஒரு பச்சைச் சீட்டு. அதில் மனைவியின் கையெழுத்து. சீட்டு வந்த அன்றைய தேதி. பக்கத்தில் ஒரே ஒரு சொல்: 'அடுக்களை'.

"அங்க நறுக்கறதுக்கு மேடை இல்லீங்க," என்றாள் அவள். "அடுப்புக்கு எதிர்ல, ஜன்னலுக்கு அடியில அம்பது இஞ்ச் இடம் இருக்கு. சாவி வாங்கின அன்னிக்கே என் தையல் டேப்பால அளந்துட்டேன். நாப்பத்தொன்பது இஞ்ச் பெஞ்ச் கச்சிதமா உக்காரும்."

"அடுக்களையிலயா? இதைப் பிரிச்சுட்டு வேற எங்கயாவது..."

"நீங்களே வந்து கெஞ்சினாலும் கூடாது."

எலெக்ட்ரீஷியன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பெஞ்ச் லாரி ஏறியது. அவமானம் ஒரு பக்கம் இருந்தாலும், ஸ்டோர்கீப்பருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. இடம் எதுவானால் என்ன? பெஞ்ச் வந்துவிட்டதே!

சாயங்காலம் புது வீட்டு அடுக்களை ஜன்னலுக்குக் கீழே பெஞ்சைத் தானே தள்ளிப் பொருத்தினார். வைஸுக்கு எண்ணெய் போட்டார். கை கழுவப் போய்த் திரும்பி வருவதற்குள் அவள் குரல் கேட்டது.

"காய் நறுக்கணும். கொஞ்சம் வர்றீங்களா?"

முப்பது வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்தது. "பெஞ்ச்ல வேலை இருக்கு."

"ஆமாங்க," என்றாள் அவள், ஒரு முறம் வெங்காயத்தை வைஸுக்குப் பக்கத்தில் கொட்டியபடி. "நிறைய இருக்கு."