அடித்தளம்: மேற்படி

நான் பொறாமைப்படுவதைக்கூட முறைப்படிதான் செய்வேன். தேதி போட்டு, காரணம் எழுதி, ஆதாரம் சேர்த்து. அரசாங்க மண் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு வேறு மாதிரி வராது.

என் பிரிவு மீன்குளத்துச் சேறு. சுண்ணாம்பு போட்டால் சேற்றின் புளிப்பு எவ்வளவு இறங்குகிறது, உப்பு போட்டால் என்ன ஆகிறது, யூரியா போட்டால் என்ன என்று தட்டுத் தட்டாக வைத்துப் பார்ப்பது. (கொட்டாவி வருகிறதா? என் மனைவி விசாலத்துக்கும் வரும்.) ஓய்வு பெற்ற பிறகும் ஸ்ரீவராகத்து வீட்டு மொட்டைமாடியில் நாலு தட்டு காயவைத்திருந்தேன். வற்றல் காயப்போட இடமில்லை என்பதைத் தவிர, விசாலம் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அப்படிப்பட்டவள் ஒருநாள் முழங்காலில் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். எனக்காக அல்ல. வெங்கிட்டுவுக்காக.

வெங்கிட்டு என் ஷட்டகர், அதாவது விசாலத்தின் தங்கை கணவன். பேங்க்கில் இருந்து ரிடையர் ஆனதும் வண்ணத்துப்பூச்சி அளக்கக் கிளம்பிவிட்டான். பிடிக்க மாட்டான், தொட மாட்டான். உட்கார்ந்திருக்கும் பூச்சியிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், நீளம் அளக்கும் பிளாஸ்டிக் காலிப்பரை நீட்டி, உடம்பு நீளம், இறக்கை நீளம், உணர்கொம்பு நீளம் என்று மில்லிமீட்டரில் வாசிப்பான். தங்கைக்கு மூட்டுவலி என்பதால் எழுதும் உத்தியோகம் விசாலத்துக்கு வந்தது.

"அக்கா, உடம்பு இருபத்தாறு."

"இருபத்தாறு" என்று இவள் பக்தியோடு திருப்பிச் சொல்வாள். முப்பத்தாறு வருட தாம்பத்தியத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தையும் அவள் திருப்பிச் சொன்னது கிடையாது.

பொறுக்க முடியாமல் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். குறை கண்டுபிடிப்பது எனக்குக் கைவந்த கலை.

"பூச்சி எது மேல உக்காந்திருந்ததுன்னு எழுதலையே? அடித்தளம்னு ஒரு கட்டம் வேண்டாமோ? இல்லேன்னா இது ரிஜிஸ்டரே இல்லை, வண்ணான் கணக்கு."

"கொள்ளாம் அண்ணா, நல்ல யோசனை!" என்று அந்தப் பாவி சந்தோஷமாகக் கோடு போட்டுக்கொண்டான். சண்டைக்குக்கூட வரவில்லை. விசாலம் வேறு, "வெங்கிட்டுவுக்கு எத்தனை பணிவு பாத்தேளா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. வேலையில் இருந்த நாளில், உப்பு போட்ட சேற்றுத் தட்டு வெயிலில் காயும்போது வண்ணத்துப்பூச்சிகள் வந்து மொய்க்கும். ஈரத்திலிருக்கும் உப்பை உறிஞ்சத்தான். சுண்ணாம்புத் தட்டுப் பக்கம் ஒன்றும் வராது. இதை நான் அறிக்கையில் எழுத, மேலதிகாரி "துறைக்குச் சம்பந்தமில்லாதது" என்று அடித்துவிட்டார்.

திட்டம் தயாரானது. அடுத்த வாரம் மூவரும் பொன்முடி போகும் வழியில் இருக்கும் கல்லாறு போகிறோம். ஆற்றோரம் ஓர் இடத்தில் என் கரைசலை ஊற்றுவேன். பூச்சிகள் கூட்டமாக என்னிடம் வரும். "விசாலம், ரிஜிஸ்டரை எடுத்துண்டு இங்க வா" என்று சாவதானமாகக் கூப்பிடுவேன். அவள் வருவாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

கரைசலில் குளத்துச் சேறு, உப்பு, ஒரு சிட்டிகை யூரியா. மணம் தூக்கலாக இருக்கட்டும் என்று மீன்குளம் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கிய கருவாட்டுத் தூளும் சேர்த்து, பாட்டிலில் அடைத்து மாடியில் மூன்று நாள் ஊறவைத்தேன். எங்கள் தெருவுக்குள் அந்தத் தூள் நுழைந்தது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"ஏன்னா, எங்கேயோ எலி செத்துக் கிடக்கு" என்று விசாலம் மூன்று நாளும் பரணைக் குடைந்தாள். நானும் டார்ச் அடித்து உதவினேன்.

புறப்படும் காலையில் அவள் பழவங்காடிக் கோயிலில் நின்று, பூச்சி நிறைய வரவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். என் சேற்றுக்காக ஒரு நாளும் உடையாத தேங்காய்!

பொன்முடி பஸ்ஸில் அவர்கள் இருவரும் முன் சீட்டில். நான் பின்னால், மடியில் பை. ஊறிய சரக்கு பாட்டிலுக்குள் வாயுவைக் கிளப்பும் என்பது மண் படித்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வளைவு வளைவாக ஏறும்போது 'டப்' என்றது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை நனைந்தேன்.

கண்டக்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்தார். "ஆராணு பஸ்ஸில மீன் கொண்டுவந்தது?"

முன் சீட்டிலிருந்து விசாலம் திரும்பினாள். "கஷ்டம்! யாருன்னு பாருங்கோன்னா."

நான் எழுந்து நாலு பக்கமும் கண்டிப்போடு பார்த்தேன்.

கல்லாறில் இறங்கியதும் ஆற்றுக்கு ஓடி, பேண்டோடு உட்கார்ந்து அலசினேன். வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டு ஒரு பாறையில் வெயில் காய்ந்தேன். வெங்கிட்டு புதர் புதராக அலைந்தான். முக்கால் மணி நேரத்தில் மூன்றே பூச்சி. மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

அப்போது மஞ்சளாக ஒன்று என் முழங்காலில் உட்கார்ந்தது. பிறகு இரண்டு. பிறகு தொடை முழுக்க. கறுப்பும் நீலமுமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு 'கிருஷ்ண சலபம்' வண்ணத்துப்பூச்சி, வெங்கிட்டு மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தது, என் மடியில் இறங்கி நிதானமாக உறிஞ்ச ஆரம்பித்தது.

"அக்கா! ஓடி வாங்கோ! அண்ணா மேல!"

விசாலம் ஓடி வந்தாள். நான் கனவு கண்டபடியே, ரிஜிஸ்டரோடு. வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணா, அசையாதேங்கோ. மூச்சையும் கொஞ்சம் அடக்கிக்கோங்கோ."

காலிப்பர் என் மடியை நோக்கி நீண்டது. எழுந்தால் எல்லாம் பறந்துவிடும். விசாலத்தின் தேங்காய் வீண். ஒரு மணி நேரம் சிலையாக உட்கார்ந்திருந்தேன்.

"உடம்பு முப்பத்திரண்டு."

"முப்பத்திரண்டு" என்றாள். அப்புறம் பேனாவை நிறுத்தினாள். "வெங்கிட்டு, அடித்தளம்னு ஒரு கட்டம் இருக்கே, என்னன்னு எழுதட்டும்?"

"உள்ளதை எழுதுங்கோ அக்கா. அண்ணாவே போடச் சொன்ன கட்டமாக்கும்."

எழுதக் குனிந்தவள் மூக்கை உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள். மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏன்னா... அந்த எலி நீங்கதானா?"

அசையாமலே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தட்டு, தூள், பாட்டில், ஏன் செய்தேன் என்பது வரை. அவள் சிரித்த சிரிப்பில் ரிஜிஸ்டர் ஆற்றில் விழப் பார்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்: "எங்காத்து மாமா (ஈரம்)." அதற்குக் கீழே இருபத்திரண்டு வரிக்கும், நான் கற்றுக்கொடுத்த ஆபீஸ் முறைப்படி, "மேற்படி", "மேற்படி".

அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயர் அதுதான். "மேற்படிக்குக் காப்பி குடுத்தாச்சா?" என்கிறாள் மைத்துனி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், "மேற்படி உக்காந்தாச்சு, இனிமே எல்லாம் வந்து உக்காரும்" என்கிறான் வெங்கிட்டு.

அதெல்லாம் போகட்டும். விசாலம் என்னைப் பற்றி வாழ்நாளில் எழுதியது அந்த ஒரு பக்கம்தான். அது வெங்கிட்டுவின் அலமாரியில் இருக்கிறது. நகல் கேட்டு இரண்டு தடவை எழுத்துமூலம் விண்ணப்பித்துவிட்டேன். அசலையே கேட்டிருக்க வேண்டும்.