மணமேடையிலும் அரியர் போடுவார்

டிகிரி வாங்கி, வேலைக்கும் போய், மாப்பிள்ளைக் கோலத்தில் மேடையில் நிற்கிற ஒருவனை அங்கேயே வைத்து ஃபெயில் ஆக்க முடியும் என்று உலகத்துக்குக் காட்டிய ஒரே வாத்தியார் எங்கள் அரியர் சார்தான். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை.

கோயம்புத்தூரை ஒட்டிய ஒரு கலைக் கல்லூரியில் பி.ஏ. சமூகவியல் துறை எங்களுடையது. துறை என்று கம்பீரமாகச் சொன்னாலும் உண்மையில் ஓர் அறை, மூன்று மேசை, சத்தம் மட்டும் போடுகிற ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். நடுமேசை அரியர் சாருடையது, ஜன்னலோரம் என்னுடையது. மூன்றாவது மேசைக்குரிய இளைஞர் எப்போதும் வேறு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டே இருந்ததால் அவரை இந்தக் கதையில் தொந்தரவு செய்ய வேண்டாம்.

பரீட்சை மார்க்கை சார் நம்பவே மாட்டார்.

"ஏனுங்க அம்மணி, பரீட்சை ஹால்ல எல்லாருமே நல்லவங்கதானுங்க. வரதட்சணை ஒரு சமூகத் தீமைன்னு நாலு பக்கம் எழுதாத பையன் ஒருத்தனைக் காட்டுங்க பார்க்கலாம். ஊட்டுக்குப் போயி என்ன பண்றான்? அதைப் பார்த்தாத்தானுங்க பாடம் ஏறுச்சா இல்லையான்னு தெரியும்."

ஆகவே அவரிடம் பாஸ் ஆனவர்கள் எல்லோரும் தற்காலிகமாகத்தான் பாஸ். படித்து முடித்துப் போன பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப் போய் மார்க்கைத் திருத்துவார். ஒருமுறை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பழைய மாணவன் ஒருவன் இவரைப் பார்த்ததும் பழக்கடைக்குப் பின்னால் பதுங்கிவிட்டான். மறுநாள் சார் சிரித்த முகத்தோடு வந்தார். "சமூகக் கட்டுப்பாடு பேப்பர்ல அவனுக்கு அஞ்சு மார்க் சேர்த்துப் போட்டுட்டனுங்க. படிச்சு முடிச்சு இத்தனை வருசம் ஆகியும் கட்டுப்படறான் பாருங்க!"

மணமேடை விவகாரத்தின் நாயகன் கதிர்வேல். கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மண்டப வாசலில் பெண் வீட்டார் கொடுத்த புதுக் கார், பெரிய ரிப்பன் கட்டி, வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி நின்றது. சார் அதைச் சுற்றி வந்தார், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார், நேரே மேடை ஏறினார். போட்டோக்காரர் "சிரிங்க, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் காதருகே போனார்.

"ஏங்கண்ணு, குடும்பமும் திருமணமும் பேப்பர்ல உனக்கு எழுபத்தொண்ணு போட்டிருந்தேன். வாசல்ல நிக்கற வண்டியைப் பார்த்ததுக்கப்புறம் முப்பத்தஞ்சுக்கு மேல போட மனசு வரலை. நாப்பதுக்குக் கீழன்னா அரியர்தான்."

கல்யாணப் பெண் பதறிப்போய், "யாருங்க அவரு?" என்றாள். கதிர்வேல் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எங்க சாரு. நான் ஃபெயிலாயிட்டேன்" என்றான். அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளை சிரிக்கிறாரா அழுகிறாரா என்று உறவினர்களுக்குள் இன்றும் பேச்சு இருக்கிறது. சார் கீழே இறங்கிச் சாப்பிட்டு, மைசூர்பாவை மறுபடியும் கேட்டு வாங்கினார். மாணவன் ஃபெயில் ஆனதற்குச் சமையல்காரர் என்ன பாவம் செய்தார் என்பது அவர் கட்சி.

இதையெல்லாம் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், வெள்ளகோவிலுக்குப் போகும்வரை. அங்கே மைதிலியைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சமூக அடுக்கமைவுத் தாளில், அதாவது மேலோர் கீழோர் என்று சமூகம் எப்படித் தட்டுத் தட்டாகப் பிரிகிறது என்கிற பாடத்தில், எங்கள் துறையிலேயே முதல் மார்க் வாங்கியவள். கரூருக்கு ஒரு கருத்தரங்குக்குப் போகும் வழியில் அவள் வீட்டில் இறங்கினோம். எங்களுக்குப் பளபளவென்று எவர்சில்வர் டம்ளரில் டீ வந்தது. வாசலில் நின்ற, தோட்டத்து வேலைக்கு வந்த பெரியவருக்குப் பேப்பர் கப்பில் போனது.

"எனக்கும் அந்தக் கப்புலயே குடு கண்ணு" என்றார் சார்.

"ஐயோ, அது வேலைக்கு வர்றவங்களுக்குன்னு வாங்கி வெச்சதுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மைதிலி அப்படியே நின்றுவிட்டாள். முகம் சுண்டிப்போனது.

சார் பேப்பர் கப்பையே கேட்டு வாங்கிக் குடித்தார். "டீ அருமையா இருக்குது. அந்தப் பேப்பரு மட்டும் போச்சு கண்ணு" என்றார். பஸ் கரூரை நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார். "அவ ஃபெயிலுன்னா, நடத்துனவனுக்கு என்னங்க அம்மணி மார்க்கு?" எனக்குப் பாவமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் நிர்வாகம் எங்கள் தலையில் கை வைத்தது. சமூகவியலுக்கு ஆள் சேர்வது குறைந்துகொண்டே வந்தது. வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டுக் குழு வரும், இந்தப் படிப்பால் மாணவர்கள் என்ன கற்றார்கள் என்று நிரூபித்துக் காட்டுங்கள், முடியாவிட்டால் அடுத்த வருடம் முதல் சேர்க்கை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கற்றல் விளைவு என்று அதற்கு ஒரு பெயர். பாடத்துக்குப் பாடம் அதைச் சதவீதத்தில் காட்ட வேண்டும். எங்கள் கல்லூரியில் எந்தத் துறையும் எண்பதுக்குக் கீழே காட்டியதில்லை. கேன்டீன் போண்டாவுக்குக் கேட்டிருந்தாலும் எண்பத்திரண்டு என்று எழுதித் தந்திருப்பார்கள்.

அரியர் சார் தன் பாடங்களுக்கு நாற்பத்தாறு என்று எழுதினார்.

எனக்கு வந்த கோபத்தில் மின்விசிறி நின்றுவிடும் போலிருந்தது. "சார், உங்களுக்கு இந்த மே மாசத்தோட ரிட்டயர்மென்ட். நான் இன்னும் எத்தனையோ வருசம் இங்கதான் இருக்கணும். துறையை மூடிட்டா நான் எங்க போறது?"

"ஏறாததை ஏறுச்சுன்னு எப்படிங்க அம்மணி எழுதறது?" என்றார், ஏதோ நான்தான் அவரிடம் தப்புக் காரியம் கேட்டுவிட்ட மாதிரி.

சரி, இவரை நம்பிப் பயனில்லை என்று நானே களத்தில் இறங்கினேன். நல்ல வேலையில் இருக்கிற பழைய மாணவர்களை வரவழைத்து, என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, முன்வரிசையில் உட்கார வைத்தேன். குழுவின் தலைவர் ஒரு பேராசிரியை, சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர். என் ஆட்கள் ஒப்பித்தார்கள். அவர் கொட்டாவியை மறைத்தார். அப்போது கதவைத் திறந்துகொண்டு சார் வந்தார், பின்னாலேயே கதிர்வேலும் மைதிலியும்.

"இவங்களும் நம்ம புள்ளைகதானுங்க மேடம். அரியர் வெச்சிருக்காங்க" என்று அறிமுகம் செய்து வைத்தார். எனக்குக் கண் இருட்டியது.

"டிகிரி முடிச்சவங்களுக்கு எப்படி அரியர்?" என்றார் தலைவர்.

கதிர்வேல் எழுந்தான். "காரைத் திருப்பிக் குடுக்கலாம்னு பார்த்தேன், மாமனாரு ஒத்துக்கலைங்க. அதனால பொண்டாட்டி பேருக்கே மாத்திப்போட்டேன். அவ கார்ல வேலைக்குப் போறா, நான் பஸ்ல போறனுங்க. சாரு முப்பத்தொம்பது போட்டிருக்காரு."

"நாப்பது பாஸ்தானே? ஒரு மார்க்குல என்ன?" என்றார் தலைவர்.

"போற எடத்துலெல்லாம் இதைப் பெருமையாச் சொல்லிக்கறானுங்க மேடம். அந்த ஒரு மார்க்கு அதுக்குப் புடிச்சதுங்க" என்றார் சார்.

அடுத்து மைதிலி. "தனிக் கப்பு வேண்டாமுன்னேன், மாமியார் முடியாதுன்னுட்டாங்க. சரின்னு அடுத்த நாள்ல இருந்து ஊட்ல அத்தனை பேருக்கும் பேப்பர் கப்புலயே டீ குடுத்துப்போட்டனுங்க. மாமனாருக்கு டம்ளர்ல குடிச்சாத்தான் டீ குடிச்ச மாதிரி இருக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாரு. அப்புறம் அவரே பரண்ல ஏறி, இருந்த டம்ளரையெல்லாம் எறக்கி, 'எல்லாருக்கும் இதுலயே குடுத்துத் தொலை'ன்னுட்டாரு."

தலைவர் வீட்டில் வைத்துவிட்டு வந்த சிரிப்பு எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. "அப்ப இவங்க பாஸ்தானே சார்?"

நான் மனசுக்குள் கெஞ்சினேன். ஆமான்னு சொல்லுங்க சார், இந்த ஒரு தடவை மட்டும்.

"இல்லீங்க மேடம். டம்ளர் ஒண்ணாயிருச்சு. ஆனா அந்தப் பெரியவரு இன்னமும் வாசல்ல நின்னுதான் குடிக்கறாரு. பாதிதானுங்க ஏறியிருக்குது."

மைதிலி தலையைக் குனிந்துகொண்டு, "அடுத்த வருசம் எழுதிப்போடறனுங்க சார்" என்றாள். தலைவர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதக் கடைசியில் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சேர்க்கை தொடரும். கல்லூரி முழுவதிலும் தான் நம்பிய சதவீதம் அந்த நாற்பத்தாறு ஒன்றுதான் என்று தலைவர் அம்மா சொல்லிவிட்டுப் போனாராம். மூச்சிரைக்க ஓடினேன். சார் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டில் பொத்திக்கொண்டார். அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கென்ன சார், நீங்கதான் ரிட்டயர் ஆகறீங்களே" என்றேன்.

"அதில்லீங்க அம்மணி. துறையை மூடிப்போட்டா, இந்தப் புள்ளைக எல்லாம் அரியரை எங்க வந்து எழுதும்?"

அப்படி ஒருவர் எனக்கு வாத்தியாராக இருந்திருந்தால், ஒரு பேப்பரையாவது வேண்டுமென்றே பாக்கி வைத்திருப்பேன்.