மச்சானின் பிராக்கெட்டும் என் மெஷ்ஷும்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கையும் பாப்பாவும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். என் சுகத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் அனுப்பிய பிராக்கெட் மாடலைத் திறந்த நாளோடு அது போய்விட்டது. போனிலேயே பேசியிருப்பேன். "போன்ல பேசினா கத்துவீங்க. எழுதுங்க, எழுதினாத்தான் மரியாதையா வரும்" என்று உங்கள் தங்கை போனை வாங்கி வைத்துக்கொண்டாள். ஆகவே மரியாதையாக எழுதுகிறேன்.

நடக்க முடியாதவர்களைத் தூக்கிக் குளியல் தொட்டியில் இறக்கும் நாற்காலி. அதைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டை நம் கம்பெனிக்காக ஒரு வருஷமாகக் கம்ப்யூட்டரில் வரைந்தீர்கள். அது தாங்குமா என்று கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். தாங்கும் என்றால் வார்ப்புக்குப் போகும். தாங்காது என்றால் இந்த வேலையே உங்கள் கையை விட்டு வேறு ஆளிடம் போய்விடும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அது தெரிந்த நாள் முதல் உங்கள் தங்கை தட்டை வைக்கும்போதே "அண்ணனோடது பாஸாயிடுச்சா?" என்கிறாள். ஆகவில்லை என்றால் தட்டு கொஞ்சம் சத்தமாக வந்து உட்காருகிறது.

நீங்கள் வரைகிறவர், எங்கள் பாடு உங்களுக்குத் தெரியாது. ஒரு பொருளைப் பொடிப்பொடித் துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்தால்தான் எங்கள் மென்பொருள் ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கணக்குப் போடும். அந்தத் துண்டுகளின் கூட்டத்துக்குத்தான் மெஷ் என்று பெயர். சரி, பிரிப்போம் என்று உங்கள் மாடலைத் திறந்தால், பிராக்கெட் எங்கள் தெருவைவிட நீளமாக வந்து நிற்கிறது. நீங்கள் மில்லிமீட்டரில் வரைந்ததை அது மீட்டராக எடுத்துக்கொண்டுவிட்டது. அதைச் சுருக்கி வீட்டுக்குள் கொண்டுவந்தால், "இது திடப்பொருள் அல்ல" என்கிறது மென்பொருள். பார்த்தால் முழுசாகத்தான் இருக்கிறது மச்சான், ஆனால் இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் மயிரிழை அளவு விட்டுப்போயிருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி அதை அடைத்தேன், அடைத்ததும் அதன் பக்கத்திலேயே இன்னொன்று. அதையும் அடைத்தால் திருகாணிகள். அவற்றின் மரையைச் சுற்றுச் சுற்றாக வரைந்து வைத்திருக்கிறீர்கள், ஒரு திருகாணி போதாக்குறைக்குத் துளையை விட்டு விலகி பிராக்கெட்டின் உடம்புக்குள்ளேயே புகுந்து நிற்கிறது. இதெல்லாம் போகட்டும் என்றால், பின்பக்கம் கம்பெனி பெயரைப் பொறித்திருக்கிறீர்கள். சுவரைப் பார்த்து இருக்கும் பக்கம் அது, யார் படிக்கப் போகிறார்கள்? அந்த எழுத்துகளின் வளைவுகளில் மட்டும் மெஷ் எறும்பு மொய்த்த மாதிரி அப்பிக்கொண்டது. கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்து, அப்படியே நின்றுபோனது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னங்க, மறுபடியும் மச்சானா?" என்றார். எங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு இப்போது அதுதான் பெயர்.

அதற்குள் மேனேஜர் வந்தார். "ஏம்ப்பா, மச்சான் டிசைன்னு இழுத்தடிக்கிறியா? தாங்குமா தாங்காதா, ஒரே வார்த்தையில சொல்லு."

"மாடலைச் சுத்தம் பண்ணிட்டிருக்கேன் சார்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னே. வீடு கூட்டி முடிக்கவே இவ்வளவு நாளா?"

எனக்கு வந்த கோபத்தில், எழுத்துகளை அழித்தேன். மரைகளை அழித்தேன். விளிம்புக்கு விளிம்பு, மூலைக்கு மூலை நீங்கள் ஆசை ஆசையாகப் போட்டிருந்த சின்ன வளைவுகளையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் துடைத்தேன். மெஷ் அச்சடித்தாற்போல் வந்தது. அப்பாடா என்று பாரத்தை ஏற்றிக் கணக்கை ஓடவிட்டால், பிராக்கெட்டின் கையும் முதுகும் சேரும் உள்மூலையில் செக்கச்செவேலென்று அழுத்தம் ஏறி நிற்கிறது. என் கண்தான் பொய் சொல்கிறதோ என்று அந்த இடத்தில் மெஷ்ஷை இன்னும் பொடியாக்கினேன். அழுத்தம் கூடியது. இன்னும் பொடியாக்கினேன், இன்னும் கூடியது. இதற்கு மேல் என்ன வேண்டும்? வயதானவர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அந்த மூலை விட்டுக்கொடுத்தால் யார் பதில் சொல்வது? உறவு வேறு, பாரம் வேறு. "தாங்காது" என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். மனசு சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: திருகாணியின் மரையில் காட்டிய அக்கறையில் பாதியை அந்த மூலையில் காட்டியிருந்தால் நமக்கு இந்த நிலை வந்திருக்காது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, படம் வரைகிற பக்கமே போகாமல் நீடூழி வாழ ஆசி கூறுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று அலுவலகத்தில் அறிக்கையோடு இணைக்க உங்கள் மாடலையும் என் மெஷ்ஷையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தேன். உங்கள் மாடலில் அந்த உள்மூலை வழவழவென்று வளைந்திருக்கிறது. என்னுடையதில் கத்தி மாதிரி நிற்கிறது. துடைத்ததில் அதுவும் போயிருக்கிறது மச்சான். வளைவில்லாத உள்மூலையில் மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க அழுத்தம் ஏறிக்கொண்டேதான் போகும், அது பொருளின் குறை இல்லை என்பது இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற பாடம். வளைவைத் திரும்பப் போட்டு ஓட்டினேன். உங்கள் பிராக்கெட் இரண்டு பேர் உட்கார்ந்தாலும் தாங்கும்.

ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். வேலையை வேறு ஆளுக்கு மாற்றி எழுதி, அனுப்பப் போகிற சமயம். நிறுத்திவிட்டார். "அப்போ குறை யார்கிட்ட?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துத் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை; தலையை மட்டும் ஆட்டினார். நாளைக்கு வார்ப்புக்குப் போகிறது.

வீட்டுக்கு வந்து, இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் பாராட்டி வேறொன்று எழுதலாம் என்று எடுத்தேன். உங்கள் தங்கை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். பிறகு, "கிழிக்க வேணாம். இதையும் கீழ எழுதிக் கொடுங்க, அண்ணன் முழுசாப் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து உறையில் உங்கள் முகவரியை எழுதிக்கொண்டிருக்கிறாள்.