கண்ணை மூடிக்கொண்டு வலது பக்கம் பார்த்த கதை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். என் இடது கண் மட்டும் கொஞ்சம் நலமில்லை. அதைக் கேள்விப்பட்டு நீ லீவு போட்டுக் கிளம்பி வருவதாகச் சொன்னாயாம். வேண்டவே வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இவ்வளவுதான். புரை முற்றிப்போனதால் டாக்டர் எவ்வளவு வெளிச்சம் அடித்தும் கண்ணுக்குள்ளே ஒன்றும் தெரியவில்லையாம், ஸ்கேன் எடுத்துட்டு வாங்க என்று பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஒரு பொண்ணு என்னைப் படுக்க வைத்து, "கண்ணை மூடிக்கோங்க ஐயா" என்றது. கண்ணைக் காட்ட வந்த இடத்தில் கண்ணை மூடுவதா? பஸ் ஓட்டிய காலம் முழுக்க கண்ணை மூடாமல் இருந்ததற்குத்தானே சம்பளம் வாங்கினேன் என்று நான் ஆரம்பிக்க, உன் அண்ணி "சொன்னதைச் செய்யுங்களேன்" என்று ஓர் அதட்டல் போட்டாள், மூடிட்டேன். இமைமேல் சில்லென்று எதையோ பூசி, தடிப் பேனா மாதிரி ஒரு கருவியை வைத்து, அப்படியே வலது பக்கம் பாருங்க என்கிறது அந்தப் பொண்ணு. பார்த்தேன். "ஐயா, வலதுன்னா நேரா வலது பக்கம் போங்க, ஏன் ஒரு சுத்து சுத்திட்டு வர்றீங்க?" என்றது. நான் என்னடா செய்வேன்? இடது கண்ணாடி, நடுக் கண்ணாடி, வலது கண்ணாடி, மூன்றையும் பார்க்காமல் வலது பக்கம் திரும்பிப் பழக்கமில்லையே! மறுபடியும் வலது, மறுபடியும் சுத்து. "அவர் டிரைவர்மா, கண்ணாடி பார்க்கிறார்" என்று உன் அண்ணி விளக்கம் கொடுக்க, அந்தப் பொண்ணு சிரிச்ச சிரிப்புல கருவி வழுக்கி மூக்குக்கு வந்துடுச்சு.

கடைசியில் பார்த்தால், நான் அப்படிக் கண்ணைச் சுழற்றினதுலதான், உள்ளே ஏற்கெனவே பிரிஞ்சு கிடந்த விழித்திரை கொடியில காயுற துணி மாதிரி ஆடுறது படத்துல தெரிஞ்சுதாம். சும்மா விட்டா பார்வை போயிடுமாம், நாளன்னைக்கு ஆபரேஷன், அப்புறம் ஒரு வாரம் குப்புறப் படுக்கணுமாம். எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லடா, பஞ்சர் ஒட்டுற மாதிரிதான். உன் அண்ணிதான் பயந்து நடுங்குறா. அவளுக்கு நான் தைரியம் சொல்லிக்கொள்கிறேன். நீ உன் வேலையைப் பார்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
எதற்கும் அசராத உன் அண்ணன்

பி.கு.: உன் அண்ணி பயப்படவே இல்லை. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும்போது நடுங்கினது என் கைதான். பயமா இருக்குடா. இதைக் கொண்டுவந்து கொடுக்கும் கண்டக்டர் என்னோடு வேலை பார்த்தவர். சாயங்காலம் அவர் வண்டி இங்கே திரும்புது. உனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைக்கச் சொல்லிட்டேன். ஏறி வந்துடு.